‘மர்பி’ – ஒரு குடிப்பெயரின் வரலாறு

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

1890ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு, அயர்லாந்து நாட்டில் எந்தக் குடிப்பெயர் எத்தனை பேர்க்கு வழங்குகின்றதென்று இராபர்ட்டு மாத்தீசன் என்னும் பதிவுத்துறை அலுவலர் கணக்கிட்டார். அக்கணக்கில் முதலிடம் பெற்ற பெயர் ‘மர்பி’ என்பது. ஏறத்தாழ 62,600 பேர் அப்பெயரைத் தாங்கியிருந்தனர். அடுத்து நின்றவை கெல்லி 55,900, சல்லிவன் 43,600, வால்சு 41,700. அக்கணக்கு வெளிவந்து நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. எத்தனையோ மாற்றங்களை அந்நாடு கண்டுவிட்டது. எனினும் அந்நாட்டின் நடுவண் புள்ளியியல் அலுவலகம் அண்மை ஆண்டுகளில் வெளியிட்ட பிறப்புப் பட்டியல்களிலும் மர்பி என்னும் பெயரே மீண்டும் மீண்டும் முதலிடத்தில் நிற்கின்றது.

இத்தனை பேர் தாங்கும் பெயருக்குப் பொருள் என்ன? ஆங்கிலத்தில் தேடினால் விடை கிடையாது. ஆங்கில அகராதியில் ‘மர்பி’ என்னும் சொல்லுக்குத் தரப்படும் பொருள் உருளைக்கிழங்கு! 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் உருளைக்கிழங்குக்கு வைத்த நகையாட்டுப் பெயர் அது. ஐரிசு ஏழைமக்களின் உணவு உருளைக்கிழங்கு. அவர்களுள் மிகுதியாக வழங்கிய பெயர் மர்பி. எனவே கிழங்குக்கு அம்மக்களின் பெயரையே சூட்டி நகைத்தனர். இன்னொரு புறம், கெட்டுப்போகக் கூடியது எதுவும் கெட்டே தீரும் என்னும் ‘மர்பி விதி’யை உலகெங்கும் எடுத்துரைக்கின்றனர். அது 1949இல் அமெரிக்க வான்படையில் பணிபுரிந்த எட்வர்டு மர்பி என்னும் பொறியாளரின் பெயரால் அமைந்தது. ஆக, உலகம் அறிந்த மர்பி ஒரு கிழங்கு. அல்லது ஒரு கேடு. ஆனால் அப்பெயர் பிறந்த மொழியில் அதன் பொருள் என்ன தெரியுமா? கடற்போர் மறவனின் பெயரன் என்பது!

சொல்லின் பிறப்பு

ஐரிசு மொழியில் ‘முயிர்’ என்றால் கடல்; ‘கத்’ என்றால் போர். இவ்விரண்டும் சேர்ந்து ‘முர்கத்’ என்னும் ஆட்பெயர் பிறந்தது. கடலில் போர் செய்வோன், கடல்மறவன் என்பது அதன் பொருள். தமிழில் இரு சொற்கள் புணரும்போது இடையே ஒலி திரிவதுபோல், அம்மொழியிலும் ‘கத்’ என்பதன் முதலொலி சேர்க்கையில் மென்மையாகத் தேய்ந்து ஒலிக்கும். பழங்கால அயர்லாந்தில் பெருமக்கள் விரும்பிச் சூட்டிய பெயர் இது. 1014ஆம் ஆண்டில் குளொண்டார்பு களத்தில் வீழ்ந்த மாமன்னன் பிரையன் போருவின் மகன் பெயரும் முர்கத் என்பதே. தந்தையோடு அதே களத்தில் அவனும் மாண்டான்.

அந்த முர்கத் என்னும் பெயரின் முன் ‘ஓ’ என்னும் ஓரெழுத்துச் சொல் சேர்ந்து ‘ஓ முர்கத’ என்னும் குடிப்பெயர் உண்டாயிற்று. இந்த ‘ஓ’ என்பதன் பழைய வடிவம் ‘ஊஅ’ என்பது. அதன் பொருள் பெயரன். விரிந்த பொருளில் வழித்தோன்றல். மகனின் மகனைப் ‘பெயரன்’ என்று வழங்குவது தமிழ். பாட்டனின் பெயரைத் தாங்குவோன் என்பது அச்சொல்லின் கருத்து. எனவே ஐரிசு மக்களின் ‘ஓ’ என்பதைத் தமிழர்க்கு விளக்க நெடிய உரை வேண்டியதில்லை. பாட்டனின் பெயரைத் தாங்கி நிற்பவனே ஓ முர்கத.

மற்றொரு முன்னொட்டு ‘மக்’ என்பது. அதன் பொருள் மகன். இதனைக் கேட்ட அளவில் தமிழர் செவி நிமிரும். ஆயினும் ‘மக்’ என்பதும் ‘மகன்’ என்பதும் ஒரு வேரில் பிறந்தவை அல்ல, இவ்வொலியொப்புமை தற்செயலானது. உண்மையல்லாத உறவைக் காட்டிப் பெருமை கொள்வது எந்த மொழிக்கும் பெருமை ஆகாது. 

பெண்ணுக்கு இம்மொழி வேறொரு வடிவம் தருகின்றது. ஓ முர்கத குடியில் பிறந்த மகளை ஓ முர்கத என்று அழைக்க இயலாது. ஏனெனில் அவள் பெயரன் அல்லள். அவள் ‘நீ வுர்கூ’ எனப்படுவாள். அக்குடிவழியில் வந்த மகள் என்பது பொருள். ‘நீ’ என்னும் முன்னொட்டு சேர்ந்தவுடன் மகர ஒலி வகர ஒலியாகத் திரிகின்றது. அக்குடிக்கு மணமாகி வந்தவளோ ‘பன் ஈ வுர்கூ’ எனப்படுவாள். ‘பன்’ என்றால் பெண், மனைவி. ஆக, ஒரு பெயரைக் கேட்டவுடனேயே அவர் ஆணா பெண்ணா, பிறந்த குடியினரா புகுந்த குடியினரா என்பவை எல்லாம் விளங்கிவிடும். ‘மர்பி’ என்னும் ஆங்கில வடிவத்தில் இவற்றுள் ஒன்றும் இல்லை. மூன்று நிலையும் ஒரே ஒலியாய்ச் சுருங்கிவிட்டன. 

குடிப்பெயர் தோன்றிய காலம்

ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடிப்பெயரை மிக முற்பட்டே ஏற்றுக்கொண்ட மக்களுள் ஐரிசு மக்களும் அடங்குவர். 916ஆம் ஆண்டில் இறந்த ஒரு தலைவனின் பெயரில் காணப்படும் ‘ஓ கிளேரி’ என்பது அக்கண்டத்தின் மிகப் பழைய குடிப்பெயர்களுள் ஒன்றாக எடுத்துக்காட்டப்படுகின்றது. 10, 11ஆம் நூற்றாண்டுகளில் இவ்வழக்கம் நாடெங்கும் பரவியது. பிரையன் போருவின் வழியினர் ஓ பிரையன் ஆயினர். நீயல் என்பானின் வழியினர் ஓ நீல் ஆயினர்.

மர்பி என்று இன்று வழங்குவோர் அனைவரும் ஒரே பாட்டனின் மக்கள் அல்லர். முர்கத் என்னும் பெயருடையோர் நாட்டின் பல பகுதிகளில் வாழ்ந்தமையால் தனித்தனிக் குடிகள் தனித்தனியே தோன்றின. தென்கிழக்கே வெக்சுபோர்டு நாட்டில் ஒரு பெருங்குடி இருந்தது. வடக்கே அல்சுட்டர் நாட்டில் ‘மக் முர்கத’ என்னும் வேறொரு குடி இருந்தது. இவையும் பிறவும் ஆங்கில எழுத்தரின் கையில் மர்பி என்னும் ஒரே பெயராய்க் கலந்து போயின. அப்பெயர் நாட்டில் முதலிடம் பெற்றதற்கு இதுவும் ஒரு கரணியம். தெற்கே கார்க்கு நாட்டில் இப்பெயரினர் இன்றும் மிகுதி.

முர்கத் என்னும் ஆட்பெயரோடு ஒரு துயரமும் பிணைந்துள்ளது. இலென்சுட்டர் நாட்டு மன்னன் தியர்மத் மக் முர்கத என்பவன் 1166இல் தன் நாட்டிலிருந்து துரத்தப்பட்டான். இழந்த அரியணையை மீட்க அவன் கடல் கடந்து துணை தேடினான். அவன் அழைப்பின்பேரில் 1169இல் நார்மானியர் வந்து இறங்கினர். கடற்போர் மறவனின் பெயரைக் குடிப்பெயராகக் கொண்டவனே கடல்வழியாகப் பகையை உள்ளே விட்டான்! அயலவர்க்குரிய தியர்மத் என்று அவனுக்குப் பின்னாளில் பட்டப்பெயர் வழங்கியது. ஒருவன் தன் சொந்தப் பகையைத் தீர்த்துக்கொள்ள அயலானை அழைத்தான். அவ்வழைப்பின் விளைவை அவனுடைய நாடு பல நூற்றாண்டுகள் சுமந்தது.

மொழி வலிமையுற்றிருந்த காலம்

வந்த நார்மானியர் நிலத்தை வென்றனர். ஆனால் மொழியை வெல்ல இயலவில்லை. ஐரிசு மொழிதான் அவர்களை வென்றது. அவர்களின் பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் ஐரிசு பேசினர். ஐரிசு பாவலரைப் புரந்தனர். ஐரிசு முறையில் பெயர் சூட்டிக்கொண்டனர். பிட்சுசெரால்டு என்னும் நார்மானியக் குடி ‘மக் கெரல்ட்’ ஆயிற்று. பர்க்கு என்பது ‘த பூர்க’ ஆயிற்று. வேல்சு நாட்டிலிருந்து வந்தோர் ‘பிரனக்’ எனப்பட்டனர்; வால்சு என்னும் குடியினர் அவர்களே. உயிருள்ள மொழி அயற்பெயரையும் தன் ஒலிக்கும் இலக்கணத்துக்கும் ஏற்பத் தனதாக்கிக் கொள்ளும் என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

ஆளவந்தோர் இதனைக் கண்டு அஞ்சினர். 1366இல் கில்கென்னி நகரில் சட்டங்கள் இயற்றப்பட்டன. அயர்லாந்தில் வாழும் ஆங்கிலேயர் ஆங்கிலமே பேசவேண்டும். ஐரிசு முறைப் பெயரை விட்டுவிட்டு ஆங்கிலப் பெயராலேயே அழைக்கப்படவேண்டும் என்று அவை விதித்தன. மீறுவோர் நிலத்தை இழக்க நேரிடும். மொழியும் பெயரும் இல்லாமல் ஆட்சி நிலைக்காது என்பதை ஆள்வோர் எவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தனர் என்று எண்ணிப் பாருங்கள்!

1465இல் மற்றொரு சட்டம் வந்தது. டப்ளினைச் சூழ்ந்த ஆங்கில ஆட்சிப் பகுதியில் வாழும் ஐரிசு மக்கள் ஆங்கிலக் குடிப்பெயர் சூட்டிக்கொள்ள வேண்டும் என்பது அது. எந்தப் பெயர்? ஓர் ஊரின் பெயராக இருக்கலாம். வெள்ளை, கறுப்பு, பழுப்பு என நிறத்தின் பெயராக இருக்கலாம். கொல்லன், தச்சன் எனத் தொழிலின் பெயராக இருக்கலாம். எதுவாயினும் ஆங்கிலமாக இருக்கவேண்டும். நேற்றுவரை ஒரு மறவனின் பெயரன் என்று தலைநிமிர்ந்து நின்றவன், நாளை முதல் ‘பழுப்பு’ என்று அழைக்கப்படுவான்.

பெயர் தேய்ந்த காலம்

சட்டத்தால் மட்டும் பெயர்கள் மாறிவிடவில்லை. 1601இல் கின்சேல் போரில் ஐரிசு மக்கள் தோற்றனர். 1607இல் வடநாட்டுத் தலைவர்கள் கப்பலேறி அயல்நாடு சென்றனர். 1649இல் கிராம்வெல்லின் படை வந்தது. நிலம் பறிபோயிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் கத்தோலிக்கரின் உரிமைகளைப் பறிக்கும் சட்டங்கள் அடுக்கடுக்காக இயற்றப்பட்டன. ஐரிசு என்று காட்டிக்கொள்வது இழிவாகவும் இழப்பாகவும் ஆகிய அந்நாள்களில் மக்கள் ‘ஓ’ என்பதையும் ‘மக்’ என்பதையும் உதறினர். ஓ முர்கத என்பது மர்பி ஆயிற்று. ஓ கெல்லி வெறும் கெல்லி ஆயிற்று. ஓ சல்லிவன் வெறும் சல்லிவன் ஆயிற்று. பெயரன் என்னும் உறவுச்சொல் உதிர்ந்தது. பாட்டனின் பெயர் மட்டும் சிதைந்து நின்றது.

ஐரிசு மொழி அறியாத எழுத்தர்கள் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதினர். சில பெயர்களை மொழிபெயர்த்தனர். ‘மக் கவன்’ என்றால் கொல்லன் மகன். அதனைச் ‘சிமித்து’ என்று மாற்றினர். இதிலாவது பொருள் தங்கியது. ‘மக் கொன்ரீ’ என்னும் பெயரின் ஈற்றில் ‘ரீ’ என்னும் ஒலி கேட்டது. ‘ரீ’ என்றால் மன்னன். எனவே அக்குடியினர்க்குக் ‘கிங்’ என்று பெயர் வழங்கலாயிற்று. ‘மக் அன் தீர்’ என்றால் தச்சன் மகன். ஆனால் தச்சனைக் குறிக்கும் அச்சொல்லுக்குக் கட்டற்றவன் என்னும் பொருளும் உண்டு. எனவே அக்குடியினர் சிலர் ‘பிரீமன்’ ஆயினர். நாட்டை இழந்து, நிலத்தை இழந்து, மொழியையும் இழந்து கொண்டிருந்த ஒருவனுக்கு விடுதலை பெற்றவன் என்று பெயர்!

எனினும் அக்காலத்தும் இப்பெயரின் பெருமையைக் காத்தோர் இருந்தனர். கார்க்கு நாட்டுப் பாவலர் சான் ஓ முர்கத 1700 முதல் 1762 வரை வாழ்ந்தவர். ஆட்சியாளரின் மதிப்பை இழந்துவிட்ட மொழியில் அவர் பாப்புனைந்தார். பழஞ்சுவடிகளைத் தம் கையால் படியெடுத்துக் காத்தார். 1798இல் வெக்சுபோர்டு நாட்டில் எழுந்த பெருங்கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவருள் ஒருவர் அருட்டந்தை சான் மர்பி. ஊர் மக்களோடு படைக்கலம் ஏந்தி நின்ற அவர், பிடிபட்டுத் துன்புறுத்திக் கொல்லப்பட்டார். பழைய ஓ முர்கத குடியின் நாடாகிய வெக்சுபோர்டிலேயே மர்பி என்னும் பெயருடையார் ஒருவர் இவ்வாறு எழுந்து நின்றார்.

1831இல் அரசுப் பள்ளிகள் தொடங்கப்பெற்றன. கற்பித்த மொழி ஆங்கிலம். 1845 முதல் 1849 வரை உருளைக்கிழங்கு நோயுற்று அழிந்து கொடும்பஞ்சம் வந்தது. ஏறத்தாழப் பத்து இலக்கம் பேர் மாண்டனர்; அதனினும் மிகுதியானோர் கப்பலேறிச் சென்றனர். மாண்டோரும் சென்றோரும் பெரும்பாலும் ஐரிசு பேசிய ஏழைகளே. எந்தக் கிழங்கின் பெயரால் மர்பி என்போரை நகைத்தனரோ, அந்தக் கிழங்கு இல்லாமல் மர்பிகள் மடிந்தனர். 1864இல் பிறப்புகள் அனைத்தையும் பதியும் முறை வந்தது. அப்பதிவேடுகளில் ஏறியவை ஆங்கில வடிவங்களே. சிதைவு அன்று முதல் ஆவணமாயிற்று.

ஒரு வண்டியும் ஒரு பெயரும்

1892ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் டப்ளின் நகரில் டக்ளசு ஐடு என்னும் அறிஞர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அயர்லாந்தை ஆங்கிலத்திலிருந்து விடுவித்தல் என்பது அதன் பொருள். மொழியையும் விளையாட்டையும் உடையையும் பற்றிப் பேசிய அவர், ஐரிசு மக்கள் தம் பெயரைத் தாமே ஆங்கிலமாக்கிக் கொள்ளும் இழிநிலையையும் எடுத்துக் கடிந்துரைத்தார். அடுத்த ஆண்டே, 1893இல், கேலிக்கு மொழிக் கழகம் தோன்றியது. ஐடு அதன் முதல் தலைவரானார். பின்னர் 1938இல் அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவராகவும் ஆனார்.

கழகத்தின் தொண்டு சிற்றூர்களுக்கும் பரவிற்று. தொனிகால் நாட்டில் நீயல் மக் கில்லா விரீதி என்னும் உழவர் இருந்தார். அவர் பாவலரும் ஆவார். பிரிசித்து என்னும் தூய அம்மையின் அடியான் மகன் என்பது அவர் குடிப்பெயரின் பொருள். அவர் தம் வண்டியில் தம் பெயரை ஐரிசு மொழியில், ஐரிசு எழுத்தில் எழுதி வைத்தார். வண்டியில் உரிமையாளரின் பெயர் படிக்கத்தக்க எழுத்தில் இருக்கவேண்டும் என்பது சட்டம். அவர்மேல் வழக்குத் தொடுத்துத் தண்டம் விதித்தனர். வழக்கு மேன்முறையீட்டுக்கு 1905இல் டப்ளின் சென்றது. அவர்க்காக வழக்காடியவருள் ஒருவர் பாட்ரிக்கு பியர்சு என்னும் இளைஞர். ஐரிசு நாட்டில், ஐரிசு மகன் ஒருவன், தன் வண்டியில் தன் பெயரைத் தன் எழுத்தில் எழுதக்கூடுமா என்பதே வினா. கூடாது என்பது தீர்ப்பு.

ஓர் உழவரின் வண்டிப் பலகை. அதில் ஒரு வரி எழுத்து. அதனால் எந்த அரசு கவிழ்ந்துவிடும் என்று சிலர் நகைத்திருக்கலாம். ஆனால் தீர்ப்பைக் கேட்டு வெளியே வந்த பியர்சு பதினோர் ஆண்டுகளில், 1916 ஏப்பிரல் 24ஆம் நாள், அயர்லாந்து குடியரசு அறிக்கையை மக்கள்முன் படித்தார். அதில் கையெழுத்திட்ட எழுவருள் சான் மக் தியர்மத, ஏமன் கியன்ட் ஆகிய இருவர் தம் பெயரை ஐரிசு வடிவிலேயே இட்டனர். ஏமன் கியன்ட் பிறப்பில் எட்வர்டு கென்ட்டு என்னும் பெயருடையவர். எழுவரும் அடுத்த மாதமே சுட்டுக்கொல்லப்பட்டனர்.

‘ஓ’ திரும்பிய வழி

விடுதலை இயக்கத்தோடு பெயர் மீட்பும் வளர்ந்தது. பாட்ரிக்கு உல்பு என்னும் அருட்டந்தை ஐரிசுக் குடிப்பெயர்களைத் தொகுத்து விளக்கிய பெருநூல் 1923இல் விரிந்த பதிப்பாக வெளிவந்தது. எட்வர்டு லைசட்டு என்னும் பெயரோடு வளர்ந்த ஓர் அறிஞர், உதிர்ந்த ‘மக்’ என்பதை மீண்டும் ஏற்று மக்லைசட்டு ஆனார். 1943இல் அவர் அந்நாட்டின் முதல் தலைமைக் குடிமரபு அலுவலராகப் பொறுப்பேற்றார். 1957இல் ஐரிசுக் குடிகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். தாம் ஆய்ந்த மீட்பைத் தம் பெயரிலேயே செய்துகாட்டியவர் அவர்.

ஓ பிரையன், ஓ நீல், ஓ கானர், ஓ சல்லிவன் ஆகிய பெயர்கள் இழந்த ‘ஓ’ என்பதை ஆங்கில எழுத்திலும் பெரிதும் மீட்டுக்கொண்டன. ஆனால் எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற மர்பி மீட்டுக்கொள்ளவில்லை. கெல்லியும் பெரும்பாலும் அவ்வாறே. இன்றும் ஆங்கிலத்தில் ‘ஓ மர்பி’ என்று எழுதுவோரைக் காண்பது அரிது. அப்பெயர் தன் முழு உருவை அடைவது ஐரிசு மொழியில் மட்டுமே. அங்கே ஆணுக்கு ‘ஓ முர்கூ’. பெண்ணுக்கு ‘நீ வுர்கூ’. முர்கத என்னும் பழைய எழுத்துக்கூட்டு 20ஆம் நூற்றாண்டின் சீர்திருத்தத்தால் முர்கூ எனச் சுருங்கியது.

இதில் ஆழ்ந்த உண்மை ஒன்று உள்ளது. மர்பி என்பதன் முன் ‘ஓ’ என்பதை ஒட்டிவிட்டால் மட்டும் கடல்மறவன் திரும்பி வந்துவிடமாட்டான். சிதைந்த ஒலிக்கு முன் ஓர் எழுத்தை ஒட்டுவது அணிகலன் பூட்டுவது போன்றது. பெயரின் பொருள் விளங்க வேண்டுமானால் முயிர் என்றால் கடல், கத் என்றால் போர் என்று அறிந்த செவி வேண்டும். மகளை நீ வுர்கூ என்று திரித்தழைக்கும் நா வேண்டும். மொழி வாழுமிடத்தில்தான் பெயர் பேசும். மற்ற இடத்தில் வெறும் அடையாளச் சீட்டாய்க் கிடக்கும்.

அயர்லாந்தின் இன்றைய நிலை இதனை மெய்ப்பிக்கின்றது. 1937ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் ஐரிசு மொழியை முதல் ஆட்சிமொழி என்று அறிவித்தது. 2007இல் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழப் பதினெட்டே முக்கால் இலக்கம் பேர் ஐரிசு பேசவல்லோம் என்று கூறினர். ஆனால் பள்ளிக்கு வெளியே நாள்தோறும் அதனைப் பேசுவோர் ஏறத்தாழ 72,000 பேர் மட்டுமே. சட்டம் இடம் தந்தது; பள்ளி கற்பித்தது; வீட்டில் பேச்சு குறைந்தது. அரசு கொடுக்கும் சிறப்பை அடுப்பங்கரையும் முற்றமும் ஏற்காவிடில் மொழி முன்னேறாது என்பதற்கு இது கண்கண்ட சான்று.

ஆயினும் நம்பிக்கை அறவே அற்றுப்போகவில்லை. அந்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்கும்போது பிள்ளைகளின் பெயரை ஐரிசு வடிவில் அழைப்பது உண்டு. வீட்டிலும் தெருவிலும் மர்பி என்று வழங்கும் சிறுமி அவ்வேளையில் ‘நீ வுர்கூ’ ஆகின்றாள். அவளும் ‘அன்சோ’ என்று விடை தருகின்றாள். ‘இங்கே’ என்பது அச்சொல்லின் பொருள். பள்ளி மணி அடித்தபின் வீடு திரும்பும் வழியிலும் அவள் அம்மொழியைப் பேசுவாளாயின், அந்தப் பழங்குடிப்பெயர் இன்னும் பல நூற்றாண்டு பொருளோடு வாழும். பேசாளாயின், எண்ணிக்கையில் முதலிடம் பெற்றும் அது பொருளற்றுக் கிடக்கும். அம்முடிவு சட்டத்தின் கையில் இல்லை. அப்பெயரைத் தாங்குவோரின் நாவில் உள்ளது.